குளிர்காலப் பயிற்சிக்கு லான்சரோட்டேயா, மயோர்க்காவா, லண்டன் வீடா?

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும், லண்டனில் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் பந்தயம்) செய்பவர்களிடம் ஒரே கேள்விதான் சுற்றும்: இந்தக் குளிர்காலம் கேம்ப், அதாவது ஒரு வாரப் பயிற்சி முகாம், எங்கே? லான்சரோட்டே என்பார் ஒருவர், மயோர்க்கா என்பார் இன்னொருவர், டெனரீஃப் மலைக்குப் போகாதவன் மனிதனே இல்லை என்பார் மூன்றாமவர். மூன்றுமே ஸ்பெயினின் தீவுகள். வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வருடத்தில் ஒரே ஒரு வாரம் ஒதுக்க முடிகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மவர்களில் பலர் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அந்த ஒரு வாரத்தை எங்கே செலவழிப்பது, செலவழிக்கத்தான் வேண்டுமா என்பதே கேள்வி.

தீவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆரம்பிப்பதுதான் வழக்கம். நான் வீட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். குளிர்கால லண்டனில் எது கிடைக்கவில்லை என்று முதலில் எழுதிப் பாருங்கள். பட்டியல் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருக்கும்.

முதலாவது வெளிச்சம். டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் லண்டனில் காலை எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது, மாலை நான்கு அடிப்பதற்குள் சூரியன் போய்விடுகிறது. வேலைக்குப் போகிறவருக்கு வார நாட்களில் வெளிச்சத்தில் சைக்கிள் ஓட்ட வாய்ப்பே கிடையாது. இரண்டாவது, நிறுத்தாமல் மிதிக்க நீண்ட சாலை. சிக்னலும் ரவுண்டானாவும் கடந்து சர்ரே குன்றுகளை அடையவே ஒரு மணி நேரம் போய்விடும். அங்கே போனாலும் பாக்ஸ் ஹில் ஏற்றம் வெறும் இரண்டரை கிலோமீட்டர். சர்ரேயிலேயே உயரமான லீத் ஹில் 294 மீட்டர்தான். மூன்றாவது, காய்ந்த சாலை. ஜனவரியில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும் காலைகளில் நிழலான திருப்பங்களில் கறுப்புப் பனி, அதாவது கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம், படிந்திருக்கும். அதில் வழுக்கி விழுந்தால் காறை எலும்புக்குத்தான் ஆபத்து, சீசனும் போச்சு.

இந்த மூன்றும் சைக்கிள் சம்பந்தப்பட்டவை. நீச்சலும் ஓட்டமும் இந்தப் பட்டியலில் வரவே இல்லை. என் முடிவு முழுக்க இதிலிருந்துதான் பிறக்கிறது. கேம்புக்குப் போவதென்றால் சைக்கிளுக்காகப் போங்கள், நீச்சலுக்கும் ஓட்டத்துக்கும் வீட்டை நம்புங்கள்.

லான்சரோட்டே

லண்டனிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்தால் அரெசிஃபே விமான நிலையம். லான்சரோட்டே அடங்கிய கேனரி தீவுகளிலும் பிரிட்டனிலும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டுவதால் இறங்கிய அன்றே உடம்பு தயார். ஜனவரி, பிப்ரவரியில் பகல் வெப்பம் 20 டிகிரி அளவில் நிற்கும். மழை மிகக் குறைவு, ஆகவே மழையால் ஒரு பயிற்சி நாள் வீணாவது அபூர்வம். ஒரே ஒரு வாரம் வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம். ஏழு நாளில் இரண்டு நாளை மழைக்குக் கொடுத்தால் அது கேம்ப் ஆகாது.

தீவுக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள உறவு பழையது. அயர்ன்மேன் (டிரையத்லானின் நீண்ட தூரப் பந்தயம்) லான்சரோட்டேயில் 1992இல் தொடங்கியது. வடமேற்குக் கரையில் உள்ள கிளப் லா சான்டா என்ற விளையாட்டு விடுதியின் பின்பலத்தோடு, டென்மார்க்கைச் சேர்ந்த கென்னத் காஸ்க் அதைக் கொண்டுவந்தார். சைக்கிள் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 2,500 மீட்டர் ஏற்றம் உண்டு. உலகின் கடினமான அயர்ன்மேன்களில் ஒன்று என்ற பெயரை அது வாங்கியதற்கு ஏற்றத்தைவிடக் காற்றுதான் காரணம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், லான்சரோட்டேயில் சைக்கிள் என்றால் காற்றுதான். வடகிழக்கிலிருந்து வீசும் இந்த வணிகக் காற்று கோடையில்தான் உச்சத்தில் இருக்கும். குளிர்காலத்தில் சற்றுத் தணிந்திருந்தாலும் நின்றுவிடாது. மறிப்பதற்கு மரமே இல்லாத தீவு. 1730 முதல் 1736 வரை தீமன்ஃபாயா எரிமலை கக்கிய குழம்பு உறைந்து, கண்ணுக்கெட்டியவரை கறுப்புப் பாறையாகக் கிடக்கிறது. அதன் நடுவே நேர்கோடாக ஒரு சாலை. யாய்சாவிலிருந்து அந்தச் சாலையில் வடக்கு நோக்கி மிதிக்கும்போது சாலை தட்டையாகத் தெரியும், வேகமானி மணிக்கு 18 கிலோமீட்டர் காட்டும். லண்டனில் 30இல் போகிறவர் இங்கே 18இல் போவார், உழைப்பு மட்டும் அதே அளவு. வேகத்தைப் பார்க்காமல், மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டரையோ மூச்சையோ பார்த்து ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நீண்ட தூரப் பந்தயத்துக்குத் தயாராகிறவர்களுக்கு லான்சரோட்டே தருவதில் மிகப் பெரியது இந்தப் பாடம்தான்.

போர்ட்டோ டெல் கார்மெனிலோ கோஸ்டா டெகீசேயிலோ தங்கினால், காலையில் காற்றை எதிர்த்து வடக்கே ஹரீயா பக்கம் போங்கள். தபயேஸ்கோ என்ற ஊரிலிருந்து ஏறும் சாலை ஏறக்குறைய 10 கிலோமீட்டர். செங்குத்தாக இல்லாமல் ஒரே சீராக வளைந்து வளைந்து ஏறும். பள்ளத்தாக்கில் பனைவகை மரங்களும் வெள்ளை வீடுகளும் தெரியும். மேலே இன்னும் போனால் மிராடோர் டெல் ரியோ, கடலிலிருந்து 400 மீட்டருக்கு மேல் உயர்ந்த குன்றின் விளிம்பு. களைத்தபின் திரும்பும் வழியெல்லாம் காற்று முதுகில் இருக்கும். இதை மாற்றிச் செய்தால், தண்ணீர் தீர்ந்த கடைசி 40 கிலோமீட்டரை எதிர்காற்றில் மிதிக்க நேரும். பக்கக்காற்றில் உயரமான விளிம்புள்ள சக்கரங்கள் ஹேண்டில்பாரையே பிடுங்கும் என்பதால் சாதாரணச் சக்கரங்களே போதும்.

லா கெரியா வழியாக ஒரு நாள் மெதுவாகப் போய் வாருங்கள். எரிமலைச் சாம்பலில் குழி தோண்டி, குழிக்கு ஒரு திராட்சைக் கொடி வைத்து, காற்றைத் தடுக்க ஒவ்வொன்றுக்கும் அரைவட்டக் கல்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். நாம் ஒரு வாரம் முட்டி மோதும் காற்றோடு தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களின் கைவேலை அது. பயிற்சிக் கணக்கில் சேராத இப்படி ஒரு மணி நேரம் கேம்பில் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

நீச்சலுக்குக் கிளப் லா சான்டாவில் 50 மீட்டர் குளங்கள் உண்டு. கடல் 18, 19 டிகிரியில் இருக்கும், வெட்சூட் என்ற குளிர் தாங்கும் நீச்சல் உடை இருந்தால் தாராளமாக இறங்கலாம். குறை என்னவென்றால் கிளப் லா சான்டா ஒதுக்குப்புறம். அதற்குள் போய்விட்டால் சாப்பாடும் பயிற்சியும் தூக்கமும் அங்கேயேதான். சிலருக்கு அது சொர்க்கம், சிலருக்கு மூன்றாம் நாளே மூச்சு முட்டும். சகாராவிலிருந்து கலீமா என்ற தூசிக்காற்று அடித்தால் வானமே மங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் கிளம்பக் கூடாது.

மயோர்க்கா

அழகில் மயோர்க்காவோடு போட்டி போட மற்ற தீவுகளால் முடியாது. பறக்கும் நேரமும் இரண்டேகால், இரண்டரை மணிதான். 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த டிராமுன்டானா மலைத்தொடர் தீவின் வடமேற்கு முழுக்க நீண்டு கிடக்கிறது. சோயெரிலிருந்து புய்க் மாயோர் நோக்கி ஏறும் சாலை 14 கிலோமீட்டர். சராசரி 6 சதவீதம்தான் என்பதால், மூச்சைச் சீராக வைத்துக்கொண்டால் யாராலும் ஏற முடியும்.

பிறகு சா கலோப்ரா. 1932இல் அந்தோனியோ பரியேத்தி என்ற பொறியாளர் அமைத்த சாலை. ஒன்பதரை கிலோமீட்டர், 26 கொண்டை ஊசி வளைவுகள், ஓரிடத்தில் சாலை தன்னையே சுற்றிக்கொண்டு தன் அடியிலேயே நுழைந்து போகும். இதில் கவனிக்க வேண்டியது, முதலில் இறங்க வேண்டும், பிறகுதான் ஏற வேண்டும். கீழே கடலோரத்தில் ஒரு சிறு குடியிருப்பு, அங்கிருந்து மிதித்து ஏறாமல் திரும்பப் படகைத்தான் நம்ப வேண்டும். இறங்கும்போதே கால் வலிக்கிறது என்றால் மேலேயே திரும்பிவிட வேண்டும்.

இவ்வளவு சொல்லியும், குளிர்காலத்துக்கு மயோர்க்காவை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜனவரியில் பகல் வெப்பமே 15 டிகிரி அளவுதான், மலைமேல் அதைவிடக் குறைவு. மழை வரும். ஈரமான இறக்கத்தில் விரல் மரத்துப்போய் பிரேக் பிடிக்க முடியாத குளிர் லண்டனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அல்கூதியா, போர்ட் டி பொயென்சா பகுதிகளில் பல ஹோட்டல்கள் பிப்ரவரி பாதி வரை மூடியே கிடக்கும். பாதாம் பூக்கும் காலம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள், உண்மையிலேயே பூக்கும், கண்கொள்ளாக் காட்சிதான். ஆனாலும் பயிற்சிக்கு மார்ச் கடைசியோ ஏப்ரலோ வரட்டும். அப்போது மயோர்க்காவுக்கு இணை கிடையாது.

டெனரீஃப், ஃபுவர்ட்டவென்டுரா

டெனரீஃப் பெயரைக் கேட்டாலே சைக்கிள்காரர்களுக்குக் கண் விரியும். 3,715 மீட்டர் உயரமுள்ள தெய்தே மலை அங்கே இருக்கிறது. அதன் நடுச் சமவெளியில் 2,100 மீட்டருக்கு மேல் உள்ள விடுதியில்தான் தொழில்முறை அணிகள் தங்கிப் பயிற்சி செய்கின்றன. 2012இல் டூர் டி ஃபிரான்சை வென்ற பிராட்லி விக்கின்ஸின் அணியும் அப்படித்தான் தயாரானது. ஆனால் அவர்கள் அங்கே வாரக்கணக்கில் தூங்கி எழுகிறார்கள். உயரத்தில் தங்கி ரத்தத்தில் சிவப்பணு அதிகரிக்க வேண்டுமென்றால் இரண்டு, மூன்று வாரமாவது வேண்டும். நாம் கடற்கரை ஹோட்டலில் படுத்து எழுந்து, ஒரு நாள் மேலே ஏறி இறங்குவது உயரப் பயிற்சி ஆகாது, நீண்ட ஏற்றம் மட்டுமே. 30 கிலோமீட்டருக்கு மேல் விடாமல் ஏற வேண்டும் என்ற ஆசை உள்ளவர் போகட்டும். தெற்குக் கரையில் வெயில் உறுதி, மேலே பனி விழுந்து சாலை மூடப்படும் நாட்களும் உண்டு. முதல் கேம்பை அங்கே வைத்துக்கொண்டால் தட்டையான வழியே கிடைக்காமல் இரண்டாம் நாளே கால் தீர்ந்துபோகும்.

ஃபுவர்ட்டவென்டுராவின் பிளாயிடாஸ் விடுதியில் 50 மீட்டர் குளம், ஓடுவதற்கு இடம், பிள்ளைகளுக்கு விளையாட்டு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நல்லது. சைக்கிளுக்கு லான்சரோட்டே அளவுக்கு விதவிதமான வழிகள் இல்லை, காற்று மட்டும் குறைவில்லை.

"டிசம்பரில் எப்படியும் ஊருக்குப் போகிறோம், அங்கேயே பயிற்சி செய்துவிட்டால் என்ன?" என்று நம்மிடையே கேட்பவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தைத் தாண்டித் தீவுப்பக்கம் போகும் சாலையில் விடியற்காலை சைக்கிள் ஓட்டுவது எவருக்கும் பிடிக்கும். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை எத்தனையோ பேர் மிதிக்கிறார்கள். ஆனால் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்காது. வெயிலுக்குப் பழகுவதும் ஜூன் பந்தயத்துக்கு உதவாது, ஒன்றிரண்டு வாரத்தில் வரும் அந்தப் பழக்கம் திரும்பிய சில வாரங்களிலேயே போய்விடும். எல்லாவற்றையும்விட, அம்மா மூன்று வருஷம் கழித்து உங்களைப் பார்க்கிறார். விடியலில் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டு வந்து அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்தப் பயணத்துக்குக் கேம்ப் என்று பெயர் வைக்க வேண்டாம்.

லண்டன் வீடு

இனி வீடு. ஒப்பீட்டில் இதைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்ப்பார்கள், எங்கும் போக முடியாதவர்களுக்கு ஆறுதலாக. எனக்கு அதில் உடன்பாடில்லை. மற்ற எல்லாத் தேர்வுகளையும் அளக்கும் கோலே வீடுதான்.

நீச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். நீச்சலில் வேகம் பெரும்பாலும் முறையிலிருந்து வருகிறது, முறை மாதக்கணக்கில்தான் மாறும். செவ்வாய்தோறும் காலை ஆறு மணிக்குக் கவுன்சில் குளத்தில் நின்று, உங்கள் வலது முழங்கை தண்ணீருக்கடியில் சரிவதை நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பயிற்றுநர் எந்தத் தீவிலும் கிடைக்க மாட்டார். பெரிய குளம்தான் வேண்டும் என்றால் 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய ஸ்ட்ராட்ஃபோர்டு குளம் 50 மீட்டர், பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது. குளிர்நீரில் துணிச்சல் உள்ளவர்களுக்கு 1906இல் திறந்த டூட்டிங் பெக் லைடோ என்ற திறந்தவெளிக் குளம். 91 மீட்டர் நீளம், ஓரத்தில் வரிசையாக வண்ணக் கதவுகள். ஜனவரியில் அதில் இறங்குகிறவர்கள் தூரத்துக்காக இறங்குவதில்லை.

ஓட்டத்துக்குக் கேம்ப் சில சமயம் கெடுதலே செய்யும். சைக்கிள் மணிக்கணக்கை ஒரு வாரத்துக்கு இரட்டிப்பாக்கினால் உடம்பு பெரும்பாலும் தாங்கும். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் கெண்டைக்காலும் கணுக்கால் நரம்பும் தாங்காது. ஓட்டம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டிய விஷயம், அதற்கு வேண்டியது வீட்டு வாசல்தான். சனிக்கிழமை காலை ஒன்பது மணி பார்க்ரன், பூங்காவில் எல்லோரும் சேர்ந்து ஓடும் ஐந்து கிலோமீட்டர் இலவச ஓட்டம், உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. 2004இல் 13 பேரோடு அது தொடங்கியது இதே லண்டனின் புஷி பூங்காவில். சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டுக் காரில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளி ஒரு முழு நீள்ஓட்டத்துக்குப் போதும், அந்த நேரத்துக்காக வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சைக்கிளில்தான் லண்டன் பின்தங்குகிறது என்றேன். அங்கேயும் கை விரித்துவிடவில்லை. ரிச்மண்ட் பூங்காவின் சுற்று ஏறக்குறைய 10.8 கிலோமீட்டர், சிக்னல் கிடையாது. சிறிய ஏற்றங்கள் இரண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அவற்றை அழுத்தி ஏறலாம். பூங்காவில் 600க்கு மேற்பட்ட மான்கள், திடீரென்று சாலையைக் கடக்கும், ஆகவே இறக்கத்தில் அடக்கி ஓட்ட வேண்டும். நவம்பரிலும் பிப்ரவரியிலும் மான்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வாரங்களில் இரவு எட்டு முதல் காலை ஏழரை வரை எல்லா வாயில்களும் மூடியிருக்கும், விடியற்காலைத் திட்டம் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழையும் இருட்டும் இருக்கும் நாட்களுக்கு டர்போ, அதாவது சைக்கிளை மாட்டி வீட்டுக்குள்ளேயே மிதிக்கும் கருவி. பின்சக்கரத்தைக் கழற்றி அதில் மாட்டி, எதிரே மெய்நிகர் சாலைகளைக் காட்டும் ஸ்விஃப்ட் செயலியின் திரை, பக்கத்தில் பெரிய மின்விசிறி, தரையில் பாய். விசிறி இல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் வியர்வை சைக்கிள் சட்டகத்தில் சொட்டும், உப்பு திருகாணிகளை அரிக்கும். டர்போவில் இறக்கம் கிடையாது, சிக்னலில் கால் ஊன்றுவது கிடையாது. ஒரு மணி நேரம் மிதித்தால் ஒரு மணி நேரமும் மிதித்ததுதான். கனடாவின் லயனல் சான்டர்ஸ் வருடக்கணக்காக இப்படி வீட்டுக்குள்ளேயே மிதித்துப் பெயர் வாங்கியவர், 2017இல் ஹவாயில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார். 2012இலும் 2016இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அலிஸ்டேர் பிரவுன்லீயின் பெரும்பகுதிப் பயிற்சி லீட்ஸைச் சுற்றியுள்ள யார்க்ஷயர் சாலைகளில்தான் நடந்தது, மழையோடும் சேற்றோடும். 2024இல் பாரிசில் தங்கம் வென்ற அலெக்ஸ் யீ தென்கிழக்கு லண்டன் லூயிஷாமில் வளர்ந்த பிள்ளை, கிரிஸ்டல் பேலஸ் கிளப்பில் ஆரம்பித்தவர். இந்த நாட்டு வானிலையில் ஒலிம்பிக் தங்கத்துக்கே அடித்தளம் போட முடிந்திருக்கிறது.

சாப்பாடும் தூக்கமும் தனிக் கணக்கு. விடுதி பஃபே முதல் இரண்டு நாள் கொண்டாட்டம். நான்காம் நாள் நான்கு மணி நேரம் மிதித்துவிட்டு வந்தால் நாக்கு ரசஞ்சோறு கேட்கும். கேனரி தீவின் உப்புத்தோல் உருளைக்கிழங்கும் காரமான மோஹோ சாறும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் வீட்டு இட்லி போல வயிற்றில் லேசாக உட்கார்ந்து மூன்று மணி நேரம் தாங்கும் காலைச் சாப்பாடு எந்த விடுதியிலும் இல்லை. நீண்ட சவாரிக்கு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். ஜெல் பாக்கெட்டுகளோடு எள்ளுருண்டையும் பேரீச்சம்பழமும் சட்டைப் பையில் போட்டுப் பழகியவர்கள் பந்தயத்திலும் வயிற்றோடு சண்டை போட மாட்டார்கள். கேம்புக்குப் போனாலும் ஒரு டப்பா எடுத்துப் போங்கள்.

இன்னொரு கணக்கையும் எழுதியாக வேண்டும், பலர் எழுதுவதில்லை. நீங்கள் தீவில் இருக்கும் ஏழு நாளும் வீட்டில் ஒருவர் தனியாகப் பள்ளிக்கு ஓடுகிறார், சமைக்கிறார், காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். விமானக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு அது. அவருக்கும் அதே அளவு ஒரு வாரம் திருப்பித் தரத் தேதி குறித்த பிறகுதான் பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

யார் எங்கே

உங்கள் பந்தயம் ஸ்பிரின்ட்டோ ஒலிம்பிக் தூரமோ (இரண்டும் டிரையத்லானின் குறுகிய தூரங்கள்) என்றால் எங்கும் போகாதீர்கள். ஒன்றரை மணி நேர சைக்கிள் பயிற்சி டர்போவில் அருமையாக நடக்கும். மிச்சமாகும் பணத்தில் நல்ல நீச்சல் பயிற்றுநரைப் பிடியுங்கள். கைக்குழந்தை இருந்தாலோ ஓட்டக்காயம் ஆறாமல் இருந்தாலோ பதில் அதுவேதான்.

வீட்டிலேயே ஒரு சிறு கேம்ப் வைக்கவும் வழி இருக்கிறது, வைத்தவர்கள் யாரும் வருந்தியதாக நான் கேட்டதில்லை. மார்ச் ஆரம்பத்தில் வியாழனும் வெள்ளியும் லீவு போடுங்கள். வியாழன் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் சர்ரே குன்றுகளில் நான்கு மணி நேரம். வெள்ளி காலை குளம், மதியம் டர்போ. சனி பார்க்ரனும் அதன்பின் மெதுவான ஓட்டமும். ஞாயிறு காலை மறுபடி நீண்ட சவாரி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு. மூன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் நிற்க வேண்டியவர் நீங்கள்தான் என்பதால் வீட்டில் யாருக்கும் பாரமும் இல்லை.

அரை அயர்ன்மேனோ முழு அயர்ன்மேனோ மே, ஜூன், ஜூலையில் இருந்தால், வீட்டுச் சூழல் இடம் கொடுத்தால், என் ஓட்டு லான்சரோட்டேக்குத்தான். டிசம்பரில் வேண்டாம். அடித்தளமே போடாத காலில் அத்தனை மணி நேரம் ஏற்றினால் ஜனவரி முழுக்கச் சளியும் களைப்பும்தான். பிப்ரவரி நடுவில் பள்ளி ஹாஃப் டெர்ம் விடுமுறை வரும், அந்த வாரம் கட்டணம் எகிறும். அது முடிந்த அடுத்த வாரம் பாருங்கள். அப்போது தீவில் காலை ஏழரை வாக்கில் விடிந்து மாலை ஏழுக்குக் கிட்ட வரை வெளிச்சம் நிற்கும். ஏழு நாளில் ஐந்து நாள் சைக்கிள், ஒரு நாள் முழு ஓய்வு. நீச்சலை அரைமணி நேரத்தோடும் ஓட்டத்தை வீட்டு அளவோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சைக்கிளை எடுத்துப் போவதைவிட அங்கே வாடகைக்கு எடுப்பதே மேல். பெட்டிக் கட்டணம், டாக்ஸியில் பெட்டி அடங்காத தலைவலி எல்லாம் மிச்சம். சொந்த பெடல்களும் காலணியும் சீட்டும் கொண்டுபோங்கள், சீட் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். குனிந்து வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்த டிடி சைக்கிளில்தான் பந்தயம் என்றால் மட்டும் சொந்த வண்டி. ஸ்பெயினில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பெரிய சாலையில் மறக்காது, காலையில் ஹோட்டல் வாசலிலிருந்து காலிச் சாலைக்குத் திரும்பும்போதுதான் கை தானாக இடப்பக்கம் இழுக்கும். ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். சைக்கிளைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே சட்டம், பெரும்பாலும் மதிக்கிறார்கள்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமல் இங்கே வதிவிட உரிமையோடு இருக்கும் இலங்கை, இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். கேனரி தீவுகளும் அதில் அடக்கம். அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம், ஆகவே பிப்ரவரிப் பயணத்துக்கு நவம்பரிலேயே வேலையைத் தொடங்குங்கள். இங்கே வசிப்பவர்கள் தேசியச் சுகாதாரச் சேவையின் ஜிஹெச்ஐசி அட்டைக்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம். ஸ்பெயின் அரசு மருத்துவமனையில் அது உதவும், பயணக் காப்பீட்டுக்கு அது மாற்று இல்லை.

திரும்பி வந்த வாரத்தில் புதிதாக எதையும் ஏற்ற வேண்டாம். முதல் மூன்று நாள் நடையும் லேசான நீச்சலும், அதற்குப் பின் பழைய அளவில் பாதி. ஒரு வாரம் உங்களைச் சுமந்தவருக்கு அந்தச் சனி, ஞாயிறு முழுக்க ஓய்வு, பிள்ளைகள் உங்கள் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை ஆறு மணி நீச்சலுக்கு மட்டும் தவறாமல் போய்விடுங்கள்.